காட்டுக்குள்ள எதுக்குய்யா ஸ்பீக்கரு?

ரெண்டு மாசமா ப்ளான் போட்டு கெடச்ச ஒரே ஒரு ஞாயித்துக்கிழமையும் நாசமா போச்சு, வயித்தெரிச்சல்ல எழுதுறேன், மொழி முன்ன பின்ன இருந்தா மன்னிச்சுக்கங்க.

விடியக்கால நாலு மணிக்கு மதுரை ஆரப்பாளையத்துல கொடைக்கானல் பஸ்ஸ புடிச்சு, வத்தலக்குண்டுல ஒரு டீயப் போட்டு, வளைவுக்கு வளைவு பின் சீட்டு ஆளு வாந்தி எடுக்குற சத்தத்தக் கேட்டுக்கிட்டே மேல போயி, வட்டக்கானல் பக்கம் சோலைக்காட்டுக்குள்ள எறங்கும்போது ஒம்போதரை ஆயிருச்சு. எதுக்கு இம்புட்டு பாடு? நாலு மணி நேரம் சத்தமில்லாம நடக்கணும், அம்புட்டுத்தான். காளவாசல் சிக்னல்ல தெனமும் நிக்கிறவனுக்கு இந்த ஆசை புரியும்.

மொத அஞ்சு நிமிஷம் சொர்க்கம்யா. புரட்டாசி மழைக்கு மரமெல்லாம் அடியில இருந்து கெளை நுனி வரைக்கும் பாசி, ஒண்ணு மேல வெரல வச்சு லேசா அமுக்குனேன், தண்ணி கசிஞ்சு மணிக்கட்டு வரைக்கும் ஓடுது. சீகாரப் பூங்குருவி ஒண்ணு வேலவெட்டி இல்லாத பய விசிலடிக்கிற மாதிரி எங்கயோ இழுத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்ப வந்துச்சு பாருங்க டும்முடும்முனு. எட்டுப் பேரு, ஒருத்தன் தோள்ல ப்ளூடூத் ஸ்பீக்கரு, ஃபுல் வால்யூம்ல குத்துப்பாட்டு. குருவி கப்சிப். ஏன்டா, பாட்டு கேக்கணும்னா மொட்டமாடில கேக்க வேண்டியதுதான, அதுக்கு நூத்தி இருபது கிலோமீட்டர் பெட்ரோல் போட்டு வரணுமா?

சரி, தாண்டிப் போகட்டும்னு ஒதுங்கி நின்னா, ஒருத்தன் வண்டிச் சாவிய எடுத்து பெரிய நாவல் மரத்துப் பாசியச் சொரண்டுறான். ஹார்ட்டு, உள்ள ரெண்டு எழுத்து. பாசி ஈரத் துண்டு மாதிரி பொத்துனு கால்ல விழுது. "எதுக்குப்பா தம்பி?"ன்னேன். "பாசிதானண்ணே, வளந்துரும்"ங்கிறான். பாத்ரூம் தரைல வளர்ற பாசின்னு நெனச்சுட்டான் போல! அதுக்கு வேரே கெடையாது, மழையும் பனிமூட்டமும் எலை வழியா உறிஞ்சு உறிஞ்சு வருஷக்கணக்குல வளர்றது. சோலைல இந்தப் பாசியும் சருகும் மண்ணும் சேந்து மழையப் புடிச்சு வச்சு சொட்டு சொட்டா கீழ விடுறதாலதான் மழை நின்னும் ஓடையில தண்ணி ஓடுது, இந்தப் பழனிமலைல பொறக்குற வராகநதி பெரியகுளம் வழியா வைகைலதான் போய் சேருது. வைகைல தண்ணி இல்லனு ஸ்டேட்டஸ் போடுறதும் நம்மாளுகதான், மேல போயி சாவியால சொரண்டுறதும் நம்மாளுகதான். இதுல பெரும, சோலைங்கிற நம்ம சொல்லத்தான் வெள்ளைக்காரன் ஷோலான்னு எடுத்துக்கிட்டானாம், அத நம்மளும் போர்டுல ஷோலான்னு எழுதி வச்சு, கீழ சிப்ஸ் கவரு.

நான் பேசுன எதுவும் அவய்ங்க காதுல ஏறல, பாட்டுச் சத்தம்ல. கடைசில ஒருத்தன் போன நீட்டி, "அண்ணே, ஒரு குரூப் போட்டோ எடுத்து விடுங்கண்ணே"ங்கிறான். எடுத்தேன். போட்டோல எட்டு பேருக்கும் தல கட்.

ராத்திரி வீட்டுக்கு வந்து சாக்ஸக் கழட்டுனா ரத்தம், மூணு அட்டை. முழு பேன்ட்டு, ரெண்டு சாக்ஸு, உப்பு வேற தடவிட்டுப் போன என்னையக் கடிச்சிருக்கு. அவய்ங்க எட்டு பேரும் டவுசர்லதான்யா சுத்துனாய்ங்க!