சாகும்போது 21 கிராம் குறையுதா? அந்த ஃபார்வர்ட் தப்புங்க

"மனுஷன் சாகுற நொடில உடம்பு எடை 21 கிராம் குறையுது, அதனால மனசு மூளைக்குள்ள இல்ல, தனின்னு சயின்ஸே நிரூபிச்சிருச்சு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. நிரூபிக்கலைங்க.

1907ல டங்கன் மெக்டூகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் வெளியிட்ட ஆய்வு அது, மொத்தமே 6 நோயாளிங்க, கட்டிலோட சேத்து தராசுல வெச்சு பாத்திருக்காரு, அதுல 2 பேரோட ரிசல்ட்ட அவரே தள்ளிட்டாரு, மிச்சத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் அந்த 21 கிராம், மத்தவங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. இத வெச்சு எதையும் சொல்ல முடியாது.

ஆனா இத ஏன் உடனே நம்பத் தோணுது? அதான் இதுல இன்ட்ரஸ்டிங்கான விஷயம். 2004ல பெரிங், பியோர்க்லண்ட்னு ரெண்டு ஆய்வாளருங்க குட்டிப் பசங்களுக்கு ஒரு எலிய முதலை தின்னுட்ட கதைய பொம்மலாட்டமா காட்டிட்டு கேள்வி கேட்டாங்க. செத்த எலிக்கு இனிமே சாப்பாடு வேணாம்னு சொன்ன பசங்கள்லயே நெறைய பேரு, அது அம்மா மேல இன்னும் பாசமாத்தான் இருக்கும்னாங்க, பாவம்!

காரணம் பெருசா ஒண்ணும் இல்லாம, இப்படி இருக்கலாம். ஓடுனா கால் வலிக்குது, பசிச்சா வயிறு கத்துது, ஆனா யோசிக்கும்போது மூளை வேலை செய்யுறது நமக்கு துளிகூட தெரியாது, அதுக்குன்னு வலி உணருற நரம்பும் உள்ள கெடையாது, அப்போ யோசனை எங்கயோ அந்தரத்துல நடக்குற மாதிரிதான் இருக்கும். தோணுறது நிஜம், அதுக்காக அது ஆதாரம் ஆகிடாது. மயக்க ஊசி போட்டா மூளையோட வேலை மாறுது, அதோட சேந்து சுயநினைவும் போயிடுதே, ஃபார்வர்ட் பண்றவங்க அத பத்தி மட்டும் மூச்சு விடுறதில்ல.