ஒபாசிட்டியைக் குறைத்தால் இணைப்புக்கோடு போகாது

பாம்பன் பாலத்தை இரண்டு ஷாட்டாக எடுத்து ஒட்டிய பனோரமாவில் (அகலப் படத்தில்), படங்கள் சேரும் இடத்தில் கோடு தெரிகிறது. மேல் லேயரின், அதாவது மேலே அடுக்கிய படத்தின், ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 சதவீதம் ஆக்கினால் அது மறையும் என்று ஒருவர் சொன்னது தவறு. கோடு அப்படியே இருக்கும். கூடவே மேல் படம் முழுக்க வெளிறும், பாலத்தூண்கள் இரட்டையாகும்.

போட்டோஷாப்பில் முதலில் இரண்டு லேயரையும் ஆட்டோ-அலைன் செய்யுங்கள், அதாவது ஒன்றோடு ஒன்று பொருந்த வையுங்கள். பிறகு மேல் லேயருக்கு லேயர் மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தை மறைத்து, வெள்ளை பூசிய இடத்தைக் காட்டும் திரை) போட்டு, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பட்டைக்குள் மட்டும் கிரேடியன்ட் (கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாயல்) இழுங்கள். விளிம்புப் பக்கம் கறுப்பு, உள்பக்கம் வெள்ளை. வானத்துக்கு இது அருமையாக வரும். படகுக்கு ஆகாது. ஷாட்டுக்கு ஷாட் நகர்ந்திருக்கும், அரைகுறையாக ரெண்டு படகு நிற்கும். அங்கே ஒரே படத்தின் படகை வைத்துக்கொண்டு, ஹார்ட்னஸ் (விளிம்பின் கூர்மை) கூட்டிய பிரஷ்ஷால் மாஸ்க்கைத் திருத்துங்கள்.

அப்புறமும் வானத்தில் பட்டை தெரிந்தால் மாஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். ஆட்டோ எக்ஸ்போஷரில் எடுத்திருப்பீர்கள், கேமரா ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சத்தை மாற்றியிருக்கும். கர்வ்ஸில் வெளிச்சத்தைச் சமன் செய்யுங்கள்.