இரண்டு தடவையும் 'முதல் முறை'

சுகாதார ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தபோது, மனிதர் கடைக்குள்ளேயே பீடி பற்றவைக்கப் போகிறாரோ என்றுதான் நினைத்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய பச்சைப் பைகளில் ஒன்றை உருவி, அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். பை சுருண்டது, உருகியது, சொட்டியது. "துணி என்றால் சாம்பலாகும் அண்ணாச்சி. இது பிளாஸ்டிக்" என்றார்.

மொத்த வியாபாரி அதைத் துணிப்பை என்று சொல்லித்தான் என்னிடம் விற்றிருந்தார். நான்-ஓவன் பை, அதாவது நெய்யாமல் பிளாஸ்டிக் இழைகளை அழுத்தி ஒட்டிச் செய்த பை. பார்த்தாலும் துணி, தொட்டாலும் துணி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. 1,000 ரூபாய் அபராதம். கட்டினேன். ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

பணம் போன கடுப்பில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் அந்த அபராத விகிதத்தை வகுத்தவர் கடைத்தெருவைத் தெரிந்தவர் என்பேன். சாலையோர வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, பிறகு 500. என்னைப் போன்ற மளிகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் 1,000, 2,000, 5,000. பெரிய வணிக வளாகங்களுக்கு 10,000, 15,000, 25,000. இருப்பு வைத்து விற்பவருக்கும் வண்டியில் கொண்டு வருபவருக்கும் 25,000, 50,000, ஒரு லட்சம். அதற்குப் பிறகும் திருந்தாவிட்டால் உரிமமே ரத்து. ஆளுக்குத் தகுந்த அடி, தவறு தொடர்ந்தால் அடியும் கூடும். இதைவிட நியாயமாக யாரால் எழுத முடியும்?

ஆனால் இந்த ஏணி முழுவதும் நிற்பது ஒரே ஒரு கேள்வியின் மேல்: இது எத்தனையாவது முறை?

எட்டு மாதம் கழித்து என் கடையில் மறுபடியும் சோதனை நடந்தது. அந்த ஆய்வாளர் மாறுதலாகிப் போயிருந்தார். இவர் புதியவர். வேலைக்கு இருக்கும் பையன் பழைய பைக்கட்டில் மிஞ்சியிருந்த பைகளில் பருப்பு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான், கையும் களவுமாக மாட்டினோம். ரசீதுப் புத்தகத்தை விரித்து அவர் எழுதினார்: முதல் முறை, 1,000 ரூபாய். எனக்கு 2,000 வந்திருக்க வேண்டும். சாமி படத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவனாக இருக்க 1,000 ரூபாய் செலவாகும் என்றால் வாயை மூடிக்கொள்கிற சாதாரண வியாபாரிதான் நானும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று எனக்குப் பயம் விட்டுப்போனது. எப்போது வந்தாலும் 1,000 என்றால் அது தண்டனையே இல்லை. ஆண்டுக்கொரு தடவை கட்டும் இன்னொரு வரி. கோயில் கொடைக்கு எழுதுவதுபோல் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம்.

சொத்து வரியில் ஒரு அரையாண்டு பாக்கி இருந்தால் கதவு எண்ணைச் சொல்லிக் கேட்கத் தெரிகிறது. தொழில் உரிமத்துக்கும் எண் இருக்கிறது, பிரேம் போட்டு சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்த எண்ணுக்கு நேரே அபராதத்தைப் பதிந்து வைக்க என்ன தடை? ஆய்வாளர் மாறலாம், ரசீதுப் புத்தகம் தீர்ந்து போகலாம். கணக்கு மாறக் கூடாது.

அந்தப் பதிவு இருந்தால் இன்னொன்றும் நடக்கும். ஒரே தெருவில் இருபது கடைகளில் ஒரே பச்சைப் பை பிடிபட்டால், அது எந்தக் கிட்டங்கியிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். இரண்டு தடவையும் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? முதல் தடவை, ஏமாந்த கோபத்தில், நிச்சயம் சொல்லியிருப்பேன். 25,000 ரூபாய் அபராதம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் என் கடையிலிருந்து ஒரு பர்லாங்கு தூரத்தில் இருக்கிறார்.

கடை வாசலில் பூ விற்கும் அக்காவுக்கும் அன்று 100 ரூபாய் எழுதினார்கள். நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர், ஓடி ஒளிய இடமில்லாதவர். மறுநாளே அவர் வாழை இலைக்கு மாறிவிட்டார், நாரால் கட்டிக் கொடுக்கிறார். மழைக்காலத்தில் இலை கிழிகிறது என்று வாங்குபவர்கள் முணுமுணுக்கிறார்கள். "கேரி பேக் இல்லையா?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.