பிளீச் ஊற்றிக் கழுவினால் போதாது

"ஒருவர் இறந்து பல நாள் கழித்துத் தெரியவந்த வீட்டில், பிளீச் ஊற்றிக் கழுவி ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்" என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

உடல் அழுகும்போது கசியும் நீர் தரைமேலேயே நிற்காது. மெத்தையைத் தாண்டி, டைல்ஸ் இடுக்கு வழியாகச் சிமெண்ட் வரை இறங்கிவிடும். மேலே உள்ளங்கை அகலக் கறைதான் தெரியும்; பெயர்த்துப் பார்த்தால் அடியில் அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும். இரத்தமும் கொழுப்பும் படிந்த இடத்தில் பிளீச்சின் வீரியம் சீக்கிரமே போய்விடும். அதைவிட ஆபத்து, கசிவில் உள்ள அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறும், நுரையீரலே பாதிக்கப்படலாம்.

இப்படிப்பட்ட வீடுகளைச் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் ஊறிப்போனதையெல்லாம் முதலில் வெட்டி எடுப்பார்கள். அப்புறம் அழுக்கை நீக்குவார்கள். கிருமிநாசினி அதன் பிறகுதான். அதுவும் குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்த இரத்தத்தால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும்.

சரி, அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலே நோய் வந்துவிடுமா? அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இறந்தவரின் பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பாதீர்கள்.