ஐந்து ஊசி நூல்

எட்டு வருடமாகப் பரணில் கிடந்த ஒரு பையைப் போன வருடம் கீழே இறக்கினேன். உள்ளே பாதியில் விட்ட குவில்ட். பன்னிரண்டு சதுரங்கள் கோத்த வரிசைகள் ஏழு தைத்து முடிந்திருந்தன, மீதி ஒன்பது வரிசைக்கான துணி வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது அப்படியே இருந்தது (ரப்பர் பேண்ட் இளகி மேல் துணியோடு ஒட்டிப்போய்விட்டது, அந்த நாலு சதுரம் குப்பைக்கு). கூடவே துருவேறிய குண்டூசிகள், என் கையெழுத்தில் ஒரு கணக்குத் தாள். அதை நிறுத்தியபோது மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவன் வயிற்றில். "பிரசவம் முடிந்து ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம்" என்று சொல்லித்தான் பரணில் ஏற்றினேன். சிரிக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. குவில்ட் என்றால் மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுத் தையல் போடுவதுதான் குவில்ட்டிங், அதற்கு முன்னால் செய்வதெல்லாம் ஏற்பாடு.

இத்தனை வருடம் ஏன் தொடவில்லை என்று கேட்டால், நேரமில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த எட்டு வருடத்தில் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகளைக் கூட்டினால் நாலு குவில்ட் தைத்திருக்கலாம். இடித்தது மேசை. எங்கள் வீட்டில் பெரிய மேசை ஒன்றுதான். அதில்தான் சாப்பாடு, வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை டப்பா, வந்து விழும் தபால் எல்லாம். மெஷினை எடுத்து வைத்து, துணி வெட்டும் விரிப்பைப் போட்டு, அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, நேற்று எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பதற்குள் இருபது நிமிடம், எல்லாவற்றையும் எடுத்து வைக்க இன்னொரு இருபது. ஒரு மணி நேரம் கிடைத்தால் தைப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் யாராவது "அம்மா" என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

அதனால்தான் "உனக்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்" என்று அறிவுரை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒதுக்கிய நேரம்தான் வீட்டில் முதலில் பறிபோகும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தாவது அதுதான், அதையும் நாமே ரத்து செய்துவிட்டு, பெருந்தன்மையாகச் சிரித்தபடி பாத்திரம் கழுவுவோம். வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு என்று வைத்தால் அந்தப் பிறகு வரவே வராது என்பது எனக்குப் புரியவே எட்டு வருடம் ஆனது.

சரி, பையை இறக்கினேனா, மூன்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை என் கணவர் வெளியே கூட்டிப்போக, மீதி ஒன்பது வரிசையையும் மெஷினில் கடகடவென்று தைத்து முடித்தேன். பெருமையாகப் பழைய வரிசைமேல் புது வரிசையை வைத்துப் பார்த்தால், புதுசு குட்டை. கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம்! ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தரையில் உட்கார்ந்து டேப் வைத்து அளந்தேன். பழைய வரிசை சரியாக ஐம்பத்து நாலரை அங்குலம். 5 அங்குலத்துக்கு வெட்டிய சதுரம், பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய் நாலரை அங்குலமாக நிற்கும், பன்னிரண்டு நாலரை 54, இரண்டு முனையிலும் இன்னும் தைக்காமல் நிற்கும் கால் அங்குலங்களைச் சேர்த்தால் ஐம்பத்து நாலரை, கணக்கு சரி. புது வரிசை ஐம்பத்து மூன்று சொச்சம். அப்புறம்தான் உறைத்தது, இடையில் மெஷின் மாறியிருக்கிறது. புது மெஷினின் பாதம் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பகுதி) கொஞ்சம் அகலம். பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டிவைத்து ஓட்டும் பழக்கம் எனக்கு, அதனால் தையல் ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளி விழுந்திருக்கிறது. ஒரு தையலில் இரண்டு சதுரம் சேர்வதால் இழப்பு எட்டில் ஒரு பங்கு. வரிசைக்குப் பதினொரு தையல். இந்த வேலையில் தப்பு இப்படித்தான், ஒரு தையலில் கண்ணுக்கே தெரியாது, கடைசியில் எல்லாம் கூட்டணி போட்டு வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் இரண்டு துண்டைத் தைத்து அளந்து பார்த்துவிடுங்கள். இதை நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதுதான் கூத்து.

தொண்ணூற்றொன்பது தையலையும் பிரிக்கலாம். ஒரு வரிசையைப் பிரிக்கவும் தொடங்கினேன், ஐந்தாவது தையலில் துணி லேசாகக் கிழிந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். புது வரிசைகளின் ஒரு முனையில் பட்டையாக வேறு துணி வைத்து நீளத்தைச் சரிக்கட்டினேன். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் சதுரங்களின் மூலைகள் பொருந்தாது. ஒரு ஓரத்தில் கொஞ்சமாகத் தொடங்கி அடுத்த ஓரம் போகப் போக விலகிக்கொண்டே போகும். எட்டு வருடம் முந்தைய நான் என்றால் அழுதிருப்பேன்.

இங்கே ஒரு விஷயம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்டுகளை 2002இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள், பிறகு நியூயார்க்கின் விட்னியில். அவற்றில் கோடுகள் சாயும், மூலைகள் ஒட்டாது, பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்காது. நவீன ஓவியம் மாதிரி இருக்கிறது என்று உலகமே வியந்தது. எனக்குப் பிடித்தது அதில்லை. அந்த ஊரின் மிசௌரி பெட்வே 1942இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு குவில்ட் தைத்தார், உடன் உதவியது மகள் அர்லோன்சியா. வயலில் உழைத்துத் தேய்ந்த துணி, முட்டி பட்ட இடம் ஒரு நிறம், பாக்கெட் இருந்த இடம் வேறு நிறம். அந்த வீட்டிலும் தனியாக ஒரு தையல் அறை இருந்திருக்காது.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பின் குத்துவதற்கு மட்டும் தரை முழுக்க வேண்டியிருந்தது. அடித்துணியை டேப் போட்டு இழுத்து ஒட்டி, பஞ்சை விரித்து, முகப்பை மேலே போட்டு, நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே நாலு அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின். இருநூறுக்கும் மேல் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளம் வந்த மாதிரி. மாமியார் மட்டும், "நடுவுல சுருக்கம் இருக்கு பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருந்தது.

அதற்கப்புறம் மெஷின் பக்கமே போகவில்லை. கையால்தான். மடியில் வைத்துக்கொண்டு, துணியை இறுக்கிப் பிடிக்கச் சின்ன வளையம் ஒன்று போட்டு. இது முழு வேகத்தில் நத்தை. ஆனால் எடுக்கவும் வைக்கவும் அரை நிமிடம் போதும், சோபாவின் மூலையில் அது பாட்டுக்குக் கிடக்கும், யாராவது கூப்பிட்டால் ஊசியைத் துணியில் செருகிவிட்டு எழுந்து போகலாம்.

எனக்கு இப்போது வெள்ளெழுத்து, ஊசியில் நூல் கோக்க வராது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள் ஐந்து ஊசியில் நூல் கோத்துப் பின்குஷனில் குத்திவிட்டுப் போவாள், முழம் நீளத்துக்கு, அதற்கு மேல் போனால் நூல் முறுக்கிக்கொள்ளும். அந்த ஐந்து ஊசி நூல் தீர்ந்தால் அன்றைய தையல் முடிந்தது. மணி பார்ப்பதில்லை. சில நாள் ஐந்தும் தீரும், சில நாள் ஒன்று, சில நாள் காலையில் குத்தியது அப்படியே இருக்கும், அவள் மறுநாள் வந்து பார்த்துவிட்டு "நேத்து லீவாம்மா?" என்பாள்.

ஒரு ஊசியின் தொடக்கம்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். நூல் முனையில் சின்ன முடிச்சு. தைக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊசியைக் குத்தி, அடித்துணியைத் தொடாமல் பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, சரியான இடத்தில் வெளியே எடுத்து, நூலை வெடுக்கென்று ஒரு இழு. முடிச்சு மேல்துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு "பொட்" என்று உள்ளே போய்ப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். முன்பக்கமும் தெரியாது பின்பக்கமும் தெரியாது. சின்னவன் அந்தச் சத்தத்துக்காகவே பக்கத்தில் வந்து உட்காருவான்.

அடுத்தது கவந்தி தைக்கப் போகிறேன். கர்நாடகத்தின் சித்தி இன மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், அந்தப் பெண்கள் தைக்கும் முறை அது. முகப்பைத் தனியாக இணைப்பதே கிடையாது. அடித்துணியின் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டாக ஓரம் மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான் படித்தது நடுவிலிருந்து வெளியே, இவர்கள் வெளியிலிருந்து நடுவே. கால் அங்குலக் கணக்கும் இல்லை, வரிசை குட்டையாகும் பயமும் இல்லை. இதை எட்டு வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம், இந்தக் குவில்ட்டின் படம் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் "விற்கலாமே" என்று கேட்பவர்களுக்கு. அன்பாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் விலை வைத்தால் தேதி வரும், தேதி வந்தால் ஐந்து ஊசி பத்தாகும், மூலை பொருந்தாததற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தேதியோடு நடக்கும் வேலைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கணவரும் ஒருநாள் "எப்ப முடியும்?" என்று கேட்டார். குளிருக்கு வேண்டுமென்றால் கடையில் கம்பளி இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை, ராத்திரி டிவி பார்க்கும்போது தைத்து முடித்த பக்கத்தைக் காலில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருந்ததில் மணி பத்தே முக்கால். ஐந்து ஊசியும் காலையில் குத்திய இடத்திலேயே இருக்கின்றன. நாளைக்குக் கேட்பாள்.