பிசியோதெரபி மாணவர்களை மைதானத்துக்கு அனுப்புங்கள்

போன தை மாதம் பக்கத்து ஊர் கபடிப் போட்டிக்கு இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேரைக் கூட்டிப் போயிருந்தேன். ரெய்டு போன ஒரு பையன், கார்னரில் நின்றவனிடமிருந்து காலை உருவிக்கொண்டு திரும்பியவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் யாரும் விழவில்லை. ஓடிப்போன என் மாணவன் முதல் வேலையாக முட்டியில் ஸ்பிரே அடித்தான்.

அவன் வகுப்பில் முதல் மாணவன். முட்டிக்குள் இருக்கும் ஜவ்வுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் சுற்றி இருநூறு பேர் கத்த, கேப்டன் "எழுந்திருடா" என்று அதட்ட, மண்ணில் கிடப்பவனிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் பழக்கியதில்லை. பழக்காதவர்களில் நானும் ஒருவன்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதா? ஊன்றினால் முட்டி நழுவுகிறதா? அப்புறம், முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் முன் சிலுவை ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்மன் பரிசோதனை. முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலின் மேல்பகுதியை முன்னால் இழுக்க வேண்டும். ஜவ்வு நன்றாக இருந்தால், கிணற்றுக் கயிறு விறைத்து நிற்பது போல ஓர் இடத்தில் நச்சென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் நல்ல காலைப் பார்த்து, அதோடு ஒப்பிட வேண்டும். அன்றைக்கு மாணவனின் கைமேல் என் கையை வைத்து இரண்டு காலிலும் செய்து காட்டினேன். அவன் முகம் மாறியது. நாலு வருடப் படிப்பில் அறுந்த முன் சிலுவை ஜவ்வை அவன் கை உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

இதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடும், பின்தொடைத் தசை இறுகிக்கொள்ளும். அதன்பிறகு அனுபவசாலிக்கே பிடிபடுவது கஷ்டம். ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் (ஓபிடி) உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் இந்தப் பையன் வந்து சேர மூன்று மாதம் ஆகும், அதுவும் சுளுக்கு வழித்து, எண்ணெய்க்கட்டு போட்ட பிறகு. கட்டுப் போடும் நாட்டு வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அந்த ஊரில் கதவைத் திறப்பவர் அவர்தான்.

கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்பதற்கு 1992-லேயே கனடாவின் ஒட்டாவாவில் விதி வகுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட எலும்பு முனைகளை விரலால் அழுத்திப் பார்ப்பது, நாலு அடி நடக்கவிடுவது. கருவியே வேண்டாம். நம் மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள், கணுக்காலில் அழுத்திப் பார்த்தவர்கள் குறைவு. இன்டர்ன்ஷிப்பில் பாதி நாள், வலி குறைய லேசான மின்சாரம் கொடுக்கும் ஐஎஃப்டி கருவியின் பேடு ஒட்டுவதிலேயே போய்விடுகிறது.

மறுவாழ்வுப் பயிற்சியில் இன்னும் பெரிய பள்ளம். சில வருடம் முன்பு கால்பந்து ஆடும் ஒரு பெண், ஜவ்வு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம் வந்தாள். வலி இல்லை, வீக்கம் இல்லை, முட்டி முழுசாக மடங்கி நீண்டது. மாநிலத் தேர்வு வருகிறது என்று அவள் அப்பா கெஞ்சினார். சரி என்று சொன்னது நான். ஏழாம் மாதம் அதே முட்டி. நார்வேயில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகச் சொல்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் நினைவுக்கு வருவாள்.

அன்று நான் செய்யாதது ஒற்றைக்கால் தாவல். தையல்காரர் டேப் போதும். அடிபட்ட கால் தாவும் தூரம், நல்ல கால் தாவுவதில் தொண்ணூறு சதவீதமாவது வர வேண்டும். தொடையின் முன்தசை பலத்துக்கும் அதே கணக்கு. இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம். கெஞ்சும் அப்பாவிடமும் அவசரப்படும் கோச்சிடமும் "இன்னும் இல்லை" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வதை எந்தப் பாடப்புத்தகம் கற்றுத்தரும்? இப்போது வகுப்பில் ஒருவரை அப்பாவாக உட்காரவைத்துப் பேசிப் பழக்குகிறேன். முதல் தடவை எல்லோருமே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பருவம் முழுக்க, வார இறுதிகளில், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரோடு மாணவர்களைப் பக்கத்து விளையாட்டு விடுதிக்கோ, கல்லூரி அணிக்கோ அனுப்புங்கள். செய்முறைத் தேர்வையும் அங்கேயே வையுங்கள்.

அந்தக் கபடிப் பையனுக்கு மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. ஸ்பிரே அடித்த மாணவன் வாராவாரம் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். போன வாரம் பையன், "தீபாவளிக்கு ஆடலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறான். "டிசம்பருக்கு முன்னாடி பேச்சே இல்லடா தம்பி. அதுவும் டேப் வச்சு, நீ தாவிக் காட்டின பிறகுதான்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் எனக்கு போன் பண்ணினான்.