படைவீடு ஒரே நாளில் அழிந்த ஊர் இல்லை

ஆடி மாதம் வேலூர்ப் பக்கமிருந்து எத்தனையோ குடும்பங்கள் கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் படவேட்டு (அன்றைய படைவீடு) ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைக்கப் போகின்றன. இந்தப் பக்கத்தை ஆண்ட சம்புவராயர்களின் தலைநகரில் நின்றோம் என்று தெரியாமலே பலரும் திரும்பி வருகிறார்கள். 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது திருவண்ணாமலை மாவட்டம் சம்புவராயர் பெயரைத்தான் தாங்கியிருந்தது. அதுவும் போய்விட்டது.

இடிந்த கோட்டையைப் பற்றிக் கேட்டால், மண்மாரி பெய்து ஊர் மூடிப்போச்சு என்பார்கள். அந்தக் கதையோடு தேடலும் நின்றுவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். கல்வெட்டுகள் வேறு சொல்கின்றன. அம்மையப்பர் கோயிலில் இராசகம்பீரச் சம்புவராயன் கல்வெட்டு சக ஆண்டு 1180, அதாவது கி.பி. 1258. அடுத்த நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்தான். விரிஞ்சிபுரத்தில் பாளையமிறங்கியதையும், சம்புவராயர் ‘இராசகம்பீரன் மலை’க் கோட்டைக்குள் ஒதுங்கியதையும் கம்பணன் மனைவி கங்காதேவியே ‘மதுரா விஜய’த்தில் பாடியிருக்கிறாள்.

அரசர் தோற்றார், ஊர் சாகவில்லை. விஜயநகர ஆட்சியில் இந்த வட்டாரமே படைவீட்டு இராச்சியம் ஆனது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சகம் 1347ஆம் ஆண்டுக் (கி.பி. 1425) கல்வெட்டைப் பாருங்கள். இந்த இராச்சியத்துப் பிராமணர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட தேசத்தார்) எல்லோரும் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது: திருமணம் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும், பொன் கொடுத்தாலும் வாங்கினாலும் அரச தண்டனை, சாதி விலக்கு. கம்பணன் வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நாலு மொழிக்காரர் கூடி வாழ்ந்த சீமை! பின்னாளில் வேலூரில் அகழிக் கோட்டை எழுந்து அதிகாரம் அங்கே நகர, ஜவ்வாது மலை ஓடைகள் வண்டல் கொண்டுவந்து கொட்ட, ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

திருப்பணி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருங்கல்லில் எழுத்து சில மில்லிமீட்டர் ஆழம்தான். மணல் வீச்சால் கழுவினால் முதலில் போவது அதன் விளிம்பு. சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் எழுத்தின் குழியை அடைத்துவிடும். வேலை தொடங்கும் முன்பே மைப்படி எடுக்க வேண்டும்: கல்லை நீர்விட்டு மெல்லத் தேய்த்து, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்கி, சற்றுக் காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். தாள் நனைந்தே இருந்தால் மை பரவி எழுத்து கரைந்துபோகும். மைப்படிக்கு வழியில்லையென்றால் காலை, மாலைச் சாய்வெயிலில் படமாவது எடுங்கள். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது.

மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவே கூடாது, கல்லும் சேர்ந்து பெயரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் பட்டபிறகே எடுக்க வேண்டும். துண்டுக் கல்வெட்டு கிடைத்தால் படிக்கட்டுக்கோ துணி துவைக்கவோ நகர்த்தாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.